‘கேஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைப் பல வருடமாக விடாமல் படிக்கிறவள் நான். தேவகோட்டையில் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி 26 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். போன மாதம் அந்தப் பக்கத்தில் வந்த ஒரு கட்டுரையில் டென்ஷன், ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் மூன்றும் ஒரே பொருளில் மாறி மாறி வந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் குப்பை கொட்டினால் டென்ஷன், பிள்ளைக்கு மார்க் குறைந்தால் டிப்ரஷன். எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை, ஊரே பேசுவதைத்தான் அவரும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சு ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்பதை யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கடிதம், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு காலை நேரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி மாதம், ஷட்டரை முழுதாக ஏற்றக்கூட இல்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், முதல் பஸ்ஸைப் பிடித்து மனைவியோடு வந்திருந்தார். ‘கேஸ் ப்ராப்ளம்மா, ஒரு ஈனோ குடுங்க’ என்றார். ஒரு நாளைக்கு இருபது பேர் இப்படிக் கேட்கிறார்கள், எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

‘எங்கேய்யா செய்யுது, எப்படி இருக்கு?’

‘கேஸ்தாம்மா.’

‘ஏப்பம் புளிச்சு வருதா? வயிறு உப்பிக்கிட்டு இருக்கா? நெஞ்சு கரிக்குதா?’

‘அதெல்லாம் தெரியலம்மா, கேஸ்தான். முன்னயும் இப்படி வந்திருக்கு.’

மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன், அந்த ஒரு சொல்லைத் தாண்டி அவரால் வெளியே வர முடியவில்லை. அதுவரை வாயே திறக்காமல் நின்ற அந்த அம்மாதான் சொன்னார்: ‘ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னாக, இடது கை பூரா உளையுதுன்னாக. இப்பக் கேட்டா கேஸுங்கிறாக.’

நான் ஈனோவை எடுக்கவில்லை. எதிரே நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிந்தது, அப்புறம் அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போதும் மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க என் கடைக்குத்தான் வருகிறார். அவரைக் காப்பாற்றியது அந்த அம்மா வாயிலிருந்து வந்த அம்மிக்கல்லும் உளைச்சலும்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

யோசித்துப் பாருங்கள், அந்த வார்த்தைகளும் அவருடையவைதான். ராத்திரி இரண்டு மணிக்கு, வலியோடு, மனைவியிடம் அவரே சொன்னது. விடிந்து சட்டை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்ததும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதை நான் தினமும் பார்க்கிறேன். கடைக்காரரிடமும் நர்ஸிடமும் டாக்டரிடமும் பேசும்போது ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொன்னால்தான் மரியாதை, பொருமல் என்றும் குடைச்சல் என்றும் சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. ‘எதுக்களிக்குது’ என்று ஒரு பாட்டி சொன்னால் ‘அசிடிட்டியா?’ என்று திருப்பிக் கேட்பது நாங்கள்தானே. அடுத்த தடவை அந்தப் பாட்டியும் அசிடிட்டி என்றுதான் சொல்கிறார்.

‘கேஸ்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நெஞ்சு கரிப்பு, எதுக்களிப்பு, புளியேப்பம், வயிற்று உப்புசம், பொருமல், மந்தம், குமட்டல், ஓங்கரிப்பு, வயிற்றைப் பிசைகிறது, விலாவில் பிடிக்கிறது. இவை ஒன்றுக்கொன்று வேறு. சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு கரித்து எதுக்களித்தால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று பொருள், அவருக்கு மாத்திரையோடு சேர்த்து ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மந்தம் என்றால் தின்றது செரிக்கவில்லை, ஒரு வேளை வயிற்றைக் காயப்போட்டாலே சரியாகிவிடும். நெஞ்சை அழுத்துகிறது, கை உளைகிறது, வியர்க்கிறது என்றால் கடையில் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இத்தனையையும் ஒரே சொல்லால் மூடிவிட்டு வந்து நின்றால் மருந்து கொடுக்கிறவர் குருட்டாம்போக்கில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

வலிக்கும் இதே கதைதான். ‘லெக் பெயின்’, ‘பேக் பெயின்’, ‘பாடி பெயின்’. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வலிக்கென்றே ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தார். துடிக்கிற வலி, குத்துகிற வலி, சுடுகிற வலி, இழுக்கிற வலி, கனக்கிற வலி என்று நோயாளி தனக்குப் பொருந்துகிற சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்தே அது எந்த மாதிரி வலி என்று மருத்துவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். உலகத்தில் பல மொழிகளில் அதைப் பெயர்த்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் மொழியில் 78 சொல் வைத்துக்கொண்டு வலியைப் பிரித்துப் பார்க்கிறார்கள், நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது ‘பெயின்’ என்ற ஒன்றை.

நம்மிடம் இல்லாமலா? பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று ஒரு இலக்கணம் படித்தோம், சலசல, மளமள என்று எழுதி இரண்டு மார்க் வாங்கினோம், அதோடு விட்டுவிட்டோம். அது ஒரு பெரிய மருத்துவச் சொல்வங்கி என்று எனக்குக் கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சீழ் கோத்த விரல் விண்விண்ணென்று தெறிக்கும். பல்லில் சுருக்சுருக்கென்று இழுக்கும். காது நமநமவென்று அரிக்கும். தொண்டை கரகரக்கும். தலை கிறுகிறுக்கும், நெஞ்சு படபடக்கும், குளிர்காய்ச்சலில் உடம்பு வெடவெடக்கும், மரத்துப்போன கால் குறுகுறுக்கும், பாதம் மதமதவென்று இருக்கும். இந்த ஒவ்வொன்றையும் இன்னொன்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள், பொருந்தாது. காய்ச்சல்காரர் விண்விண்ணென்று நடுங்க மாட்டார், சீழ்க்கட்டி வெடவெடக்காது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சிகூட இதில் ஒரு தடவையும் தப்புப் பண்ணி நான் பார்த்ததில்லை.

மதமதப்பு என்றேன் அல்லவா, அதைப் பற்றி ஒன்று. இருபது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர், ‘லெக் பெயின் டேப்லெட்’ என்று கேட்டுக் கேட்டு வலி மாத்திரையாகவே தின்றுகொண்டிருந்தார், வேறு வேறு கடையில். ஒரு நாள் என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசும்போது, ‘பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குத்தா, செருப்பு கழண்டு ரெண்டு எட்டு போன பிறகுதான் தெரியுது, ராத்திரியில பாதம் காந்துது’ என்றார். டாக்டர்கள் இந்த மூன்றைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பாடுபடுவார்கள். சர்க்கரையால் பாதத்து நரம்பு கெடும்போது வருகிற அடையாளங்கள் இவை. முள் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகி, அழுகி, காலையே எடுக்கும் வரை போகலாம். உடனே காலைக் காட்டச் சொல்லி அனுப்பினேன். ‘லெக் பெயின்’ என்ற இரண்டு சொல் அவருக்குப் பல மாதம் செலவு வைத்துவிட்டது.

ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் ‘பீவர், பாடி பெயின், நல்ல பெயின் கில்லரா குடுங்க’ என்று வரிசை கட்டும். இந்தச் சமயத்தில் நான் கட்டாயம் கேட்பேன், உடம்பு எப்படி வலிக்கிறது என்று. ‘எலும்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி’ என்றோ ‘கண்ணுக்குப் பின்னால குடையுது’ என்றோ சொன்னால் எனக்கு அடிவயிற்றில் பயம் வந்துவிடும், டெங்குக் காய்ச்சல் அப்படித்தான் இருக்கும். டெங்குவாக இருந்தால் பாராசிட்டமாலைத் தவிர இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, ரத்தக்கசிவு வந்துவிடும் ஆபத்து உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல் நான் மாத்திரை கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே ‘பாடி பெயின்’ என்று சொன்னதும் கிடைத்துவிடுகிறது.

‘லூஸ் மோஷன்’ இன்னொன்று. ஒரு இளம் தாய், இரண்டு வயசுப் பிள்ளை, ‘லூஸ் மோஷன் நிக்கிற மாத்திரை’ கேட்டு வந்தார். கூட வந்த அப்பத்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘தண்ணியாப் போகலைத்தா, சீதமாப் போகுது, நெளிஞ்சு நெளிஞ்சு முக்குறான்’ என்றார். தண்ணியாகப் போவது வயிற்றுப்போக்கு, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீதமும் ரத்தமுமாகப் போவது சீதபேதி. சின்னப் பிள்ளைக்கு, அதுவும் சீதத்தோடு போகும்போது, குடலை நிறுத்தும் மாத்திரையைக் கொடுப்பது தப்பு, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தண்ணியாகப் போகிற பிள்ளைக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசல், கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அப்பத்தா கூட வராமல் இருந்திருந்தால்? நான் கேட்டிருப்பேன்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சீதம் என்ற சொல்லே தெரியவில்லை. ‘ஏதோ சளி மாதிரி’ என்றார் அப்புறம். சொல் தெரியாததால் பார்த்ததைச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தலைசுற்றல் விஷயத்தில் இன்னும் அபாயம் அதிகம். எது வந்தாலும் ‘லோ பிபி’. உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது ஒன்று, படுத்துத் திரும்பும்போது வீடே சுற்றுவது வேறொன்று, படபடவென்று வந்து வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிப் பசியில் கிறங்குவது மூன்றாவது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்கு இந்த மூன்றாவது வந்தால் அது ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம், உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். ‘லோ பிபி’ என்று நினைத்து உப்புப் போட்ட மோரைக் கொடுத்துப் படுக்கப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

‘டயர்டா இருக்கு’ என்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம், ‘ஒரு டானிக் குடுங்கக்கா’ என்று கேட்பார்கள். அலுப்பு என்பது வேலை செய்த உடம்புக்கு வருவது, தூங்கி எழுந்தால் போய்விடும். களைப்பு வெயிலாலும் பசியாலும் வருவது, உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் தெளியும். அசதி அப்படியில்லை, எழுந்திருக்கும்போதே உடம்பு கனக்கும். சோர்வு நாள்பட நிற்கும், தள்ளாமை வயசால் வருவது. ‘என்ன மாதிரி டயர்டு?’ என்று தோண்டிக் கேட்டால், ‘படி ஏறினா மூச்சு இரைக்குதுக்கா, காலையிலயே அசதியா இருக்கு’ என்பார்கள், கண் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கும் மேல்! டானிக்கை விட்டுவிட்டு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் இங்கிலீஷ் சொல்லே கூடாது என்கிறவள் இல்லை, சுகர், பிரஷர், பஞ்சர், லோ வோல்டேஜ் எல்லாம் சொன்னதுமே எல்லோருக்கும் ஒரே பொருள் புரிகிறது, அவை நம் சொல்லாகிவிட்டன. ‘பீரியட்ஸ்’ என்ற சொல்லை நான் கும்பிட்டு வரவேற்கிறேன். ‘வீட்டுக்குத் தூரம்’, ‘விலக்கு’ என்று சொல்லித்தான் என்னை என் வீட்டுத் திண்ணையில் தனித் தட்டு கொடுத்து மூன்று நாள் உட்கார வைத்தார்கள். அந்தத் தமிழ் எனக்கு வேண்டாம். என் கடையில் இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து நின்று ‘பீரியட்ஸ்க்கா, பேட் வேணும்’ என்று கேட்கிறாள், பேப்பரில் சுற்றாமல் வாங்கிக்கொண்டு போகிறாள், சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் ‘பீரியட்ஸ் ப்ராப்ளம்’ என்று நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். கட்டி கட்டியாகப் படுகிறதா, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறதா, நாள் தள்ளிப் போகிறதா, பத்து நாள் நிற்காமல் போகிறதா? நிற்காமல் அதிகமாகப் போவதற்குப் பெரும்பாடு என்று ஒரு சொல் இருந்தது, எத்தனை பேருக்கு இன்று தெரியும்? மேலே சொன்ன ரத்தசோகைக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். கூச்சத்தை மறைக்க ஒரு சொல் தேவைதான், எனக்குப் புரிகிறது, மறைத்துக்கொண்டு கடைக்குள் வந்துவிட்ட பிறகாவது மனசைத் திறந்து சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் நமக்கு ‘வருத்தப்படாதே’ என்றுதான் பொருள், ‘மூட் அவுட்’ என்றால் முகம் சுருங்கியிருப்பது, ‘டென்ஷன் பண்ணாதே’ என்றால் எரிச்சல் மூட்டாதே. இவற்றால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆனால் டிப்ரஷன் அப்படி விளையாடுகிற சொல் இல்லை, அது ஒரு நோயின் பெயர். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பக்கமே யோசிப்பார்கள். செல்போன் கீழே விழுந்து உடைந்ததற்கு ‘செம டிப்ரஷன்க்கா’ என்கிறான் ஒரு பையன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறார், கணவர் போய் ஒரு வருஷமாகிறது, அவர் வாயில் அந்தச் சொல் ஒரு நாளும் வந்ததில்லை. ‘எதுலயும் மனசு ஒட்டமாட்டேங்குது, சோறு மண்ணு மாதிரி இருக்கு, மூணு மணிக்கே முழிப்பு வந்து முகட்டைப் பாத்துக்கிட்டே கிடக்கிறேன்’ என்றார், தூக்க மாத்திரை கேட்க வந்தபோது. நான் மாத்திரை கொடுக்கவில்லை, சீட்டு இல்லாமல் கொடுக்கவும் முடியாது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கூடவே போய் மனநல மருத்துவரிடம் உட்கார வைத்தேன். டாக்டர் கேட்ட முதல் இரண்டு கேள்விக்கும் அவர் சொன்ன அதே மூன்று வாக்கியத்தில் பதில் இருந்தது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் டிப்ரஷன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், நிஜமாக அதில் விழுந்து கிடக்கிறவர் ஒரு நாள் தைரியமாக அந்தச் சொல்லைச் சொல்லும்போது ‘இவளுக்கும் இதே பேச்சா’ என்று காதில் வாங்காமல் போய்விடுவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை உங்கள் கட்டுரையின் கீழே போட்டிருக்கலாம், இடம் இருந்தது.

மருத்துவத்தைத் தமிழில் பேசினால் துல்லியம் போய்விடும் என்று ஒரு படித்த பையன் என்னிடம் வாதாடினான். நான் அவனுக்குச் சொன்னது இதுதான். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் தமிழைக் கற்றுக்கொண்டு, மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், உடற்கூறு முதலான பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் தமிழில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கிராமங்களில் வைத்தியம் பார்த்தார்கள். நோயாளி பேசுகிற மொழியில் வைத்தியன் கேட்கவில்லை என்றால் நோய் பிடிபடாது என்று எங்கிருந்தோ வந்த அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம், இதெல்லாம் பெரிய நோய்க்கு மட்டும் இல்லை, தினசரிச் சின்னத் தொல்லைக்கும் அப்படித்தான். ஒரு அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு என் பெரியம்மாவை நான்கு தடவை அலைய விட்டார்கள், நான்கு தடவையும் ‘டெக்னிக்கல் இஷ்யூ’. கைரேகை பதியவில்லையா, பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா, மெஷின் கெட்டுவிட்டதா, ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது தடவை உட்கார்ந்திருந்த பெண், ‘பாட்டி, உங்க ரேகை தேஞ்சு போச்சு, கருவிழி வச்சுப் பாக்கலாம்’ என்றார், பத்து நிமிஷத்தில் முடிந்தது. தேய்ந்துபோச்சு என்ற அந்த ஒரு சொல்லை முதல் நாளே சொல்லியிருந்தால் எழுபத்தெட்டு வயசுக்காரி நான்கு பஸ் ஏறியிருக்க வேண்டாம்.

சரி, நான் கேட்க வந்தது இரண்டு.

உங்கள் கேள்வி பதில் பகுதியில் வாசகர் கேள்விகளை நீங்கள் திருத்திப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாக் கேள்வியும் ஒரே குரலில் ‘எனக்கு அசிடிட்டி பிரச்சினை உள்ளது’ என்று ஆரம்பிக்கிறது. அவர்கள் எப்படி எழுதினார்களோ அப்படியே போடுங்கள். ‘நெஞ்சுல புளிச்ச தண்ணி ஏறி வருது’ என்று ஒரு வாசகர் எழுதியதை அச்சில் பார்த்தால், அதே மாதிரி இருக்கிற இன்னும் நூறு பேர் ‘அட, எனக்கும் இப்படித்தானே’ என்று தெரிந்துகொள்வார்கள். பதில் எழுதுகிற டாக்டரும் அந்தச் சொல்லையே எடுத்துப் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது, வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, எந்த ஊரில் எந்த உபாதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று வாசகர்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சொல் நெல்லைக்காரருக்குத் தெரியாது, கொங்குப் பக்கத்துச் சொல் எனக்குத் தெரியாது. வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வருகிற இளம் டாக்டர்கள் அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் எழுதி வாங்கி அப்படி வைத்திருக்கிறார்.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் இத்தனை வருடமாகக் குறித்து வைத்த சொற்கள் 140 இருக்கின்றன, யார் சொன்னது, அப்போது அவருக்கு என்ன செய்தது என்பதோடு. அதை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அந்தச் சொற்களை மட்டும் மாற்றாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தேவகோட்டை.